ஐ5-9600கே பிராசஸரை எவ்வளவு தூரம் ஓவர்கிளாக் செய்யலாம்?

இசட்390 மதர்போர்டும் நல்ல ஏர் கூலரும் இருக்கிறது, எல்லாரும் 5 கிகாஹெர்ட்ஸ் என்கிறார்களே, நானும் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, அங்கே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பிராசஸரை நான்கு வருடமாகச் சென்னையில், ஏசி இல்லாத அறையில் ஓட்டுகிறேன். 5 வரை போய்ப் பார்த்துவிட்டு 4.8-க்குத் திரும்பி வந்தவன் நான்.

பெட்டியில் 3.7 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அதை மறந்துவிடுங்கள். பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஆறு கோர்கள் இருக்கின்றன. ஒரு கோருக்கு மட்டும் வேலை என்றால் தானாகவே 4.6 வரை ஏறும், ஆறு கோருக்கும் வேலை வந்தால் 4.3-ல் நிற்கும். நீங்கள் ஒப்பிட வேண்டியது இந்த 4.3-உடன்தான். அப்படிப் பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸ் தருவது 16 சதவீதம்.

100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கில் கை வைக்காதீர்கள். அதை எத்தனையால் பெருக்குவது என்று சொல்லும் மல்டிபிளையரை மட்டும் ஏற்றினால் போதும், 48 என்று வைத்தால் 4.8. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு குறைந்த வோல்டேஜில் தடுமாறாமல் ஓடுகிறது என்று தேடிப் பிடித்து ஒரு நோட்டில் எழுதி வந்தேன். 46-க்கு 1.17 வோல்ட், 47-க்கு 1.21, 48-க்கு 1.25. அப்புறம் 49-க்கு 1.31, 50-க்கு 1.38. படிக்கு 0.04 ஏறிக்கொண்டிருந்தது 48-க்கு மேல் 0.06, 0.07 என்று ஆகிறது பாருங்கள். சிப்புக்கு மூச்சு வாங்கத் தொடங்கும் இடம் அது. உங்களுடையதில் அது 47-லேயே வரலாம், 50 வரை வராமலும் இருக்கலாம். ஒரே மாடலில் இரண்டு சிப்புகள்கூட ஒன்றுபோல இருக்காது, அதனால் என் எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

அந்த இடம் ஏன் முக்கியம்? சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். என் எண்களைப் போட்டுப் பார்த்தால், 48-லிருந்து 50-க்குப் போக வேகம் 4 சதவீதம் கூடுகிறது, மின்சாரம் சுமார் 27 சதவீதம் கூடுகிறது. அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். 4.3-ல் 20 நிமிடம் எடுத்த வீடியோ ரெண்டர் 4.8-ல் 18 நிமிடத்துக்குள் முடிந்தது. 5-ல் அதற்கும் மேல் மிச்சமானது முக்கால் நிமிடம்கூட இல்லை.

இனி வெயில் விஷயம். டிசம்பர் இரவில், அறை 26 டிகிரியில் இருந்தபோது 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம், பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினேன். 79 டிகிரி, ஒரு பிழையும் இல்லை. சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். மே மாதம் மதியம், அறை 37 டிகிரி, அக்கா மகளின் காதணி விழா வீடியோவை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன். ப்ளூ ஸ்கிரீன் வரவில்லை, ஹேங் ஆகவில்லை. போட்டுப் பார்த்தால் நடுவில் சில பிரேம்களில் பச்சைக் கட்டங்கள். விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகரின் பதிவுகள், எண் 19, வரிசையாக. சரிசெய்யப்பட்ட வன்பொருள் பிழை என்று பொருள். வெப்பம் 92. மூலக் காட்சிகள் பத்திரமாக இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. அதே தடுமாற்றம் ஒரு பேக்கப் எடுக்கும்போது வந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இன்றும் அதை நினைத்தால் பக்கென்று இருக்கிறது.

கூலர் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. அறை 11 டிகிரி ஏறினால் சிப்பும் குறைந்தது அந்த 11 ஏறும். இந்த பிராசஸர் 100 டிகிரியில்தான் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும், ஆனால் 79-ல் போதுமாக இருந்த வோல்டேஜ் 92-ல் போதாமல் போவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதனால் உங்கள் வீட்டில் எந்த நேரம் அதிகம் கொதிக்குமோ அந்த நேரத்தில், கேபினெட்டை மூடிவைத்து, நீங்கள் தினம் செய்யும் வேலையையே இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 85-ஐத் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள். வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், போர்டு தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும்.

கேம் மட்டும்தான் என்றால், விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பிராசஸரை எவ்வளவு ஏற்றினாலும் பிரேம் கூடாது.

இப்போது என்னுடையது 48-ல், தேவையான 1.25-க்கு ஒரு பொட்டு மேலே 1.26-ல் ஓடுகிறது. மே மதியத்தில் 81 டிகிரி. நீங்கள் 46-ல் தொடங்கி நோட்டில் எழுதுங்கள். எண்களை இங்கே போட்டால் எங்கே நிறுத்தலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.