குறுக்கீட்டுக்கு இத்தனை நிமிடம் என்று மாடலில் கழித்தால் போதுமா?

கேள்வி இது: அலுவலகத்தில் ஒருவர் பல வேலைகளை மாறி மாறிச் செய்வதைக் கணினி மாடலாக எழுதும்போது, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் ஒரே அளவு நேரத்தைக் கழித்தால் சரியா?

சரியில்லை. குறுக்கீடு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட, அந்த நொடியில் மனதில் எது பாதியில் நின்றது என்பதே முக்கியம்.

ஆல்ட்மன், டிராஃப்டன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2002-இல் முன்வைத்த மாடலில், ‘அடுத்து இதைச் செய்யணும்’ என்பதும் ஒரு நினைவுதான். தொடாமல் விட்டால் மங்கும். ஏசிடி-ஆர் (மனித மனம் வேலை செய்யும் விதத்தைக் கணினியில் எழுதும் ஒரு கட்டமைப்பு) கணக்கில் அதை ஒருமுறை நினைத்ததன் வலு 1 நொடியில் 1 என்றால், 4 நொடியில் 0.5, 100 நொடியில் 0.1. தூண்டுகுறி, அதாவது நினைவூட்டும் அடையாளம், எதுவும் இல்லாதபோது நினைவுக்கு வர ஆகும் நேரம் இதற்குத் தலைகீழ்: 100 நொடியில் பத்து மடங்கு. சரிவு முதல் சில நொடிகளிலேயே செங்குத்தாக இருப்பதைக் கவனியுங்கள். 2014-இல் வெளியான சோதனை ஒன்றில் சராசரி 2.8 நொடிக் குறுக்கீடே படிவரிசைத் தவறுகளை (படிகளின் வரிசை பிசகுவதை) இரட்டிப்பாக்கியது. நிமிடக் கணக்கில் கழிக்கும் மாடலுக்கு இது கண்ணிலேயே படாது.

போன் அடித்ததற்கும் எடுத்ததற்கும் நடுவே உள்ள நொடிகளையும் விட்டுவிடாதீர்கள். படிவம் நிரப்பும்போது போன் வந்து, ‘ஏழாவது கட்டம், வரித்தொகை’ என்று அப்போது நான்கு முறை மனதில் சொல்லிக்கொண்டவருக்கு 100 நொடி கழித்து வலு கிட்டத்தட்ட 0.4, நினைவுக்கு வர ஆகும் நேரம் ஒருமுறை மட்டும் நினைத்தவருக்கு ஆவதில் கால்வாசி. கர்சர் அதே கட்டத்தில் நின்றால் அதுவும் ஒரு தூண்டுகுறி, வலுவைக் கூட்டும். திரையையே மறைத்துவிட்டால் அதைக் கூட்டக் கூடாது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. இரண்டு வேலைக்கும் தனித்தனி இடைக்கால நினைவு (வேலையின் நடுவே கிடைத்த விவரத்தைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) கொடுத்துவிடுகிறார்கள்; மாடல் இரண்டு ஆள் மாதிரி ஓடுகிறது. போர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு 2010-இல் காட்டியபடி அந்த இடம் ஒன்றே ஒன்று. கடன் வாங்கும் கழித்தலும், முழுச் சொல்லை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்வதும் மாறி மாறி வந்தபோது, இரண்டின் தனிச் சுமைகளைக் கூட்டியதைவிடத் தாமதம் அதிகமாக இருந்தது. கடன் இல்லாத கழித்தலில் அப்படி ஆகவில்லை.

குறுக்கீட்டைச் சும்மா தற்செயல் நேரத்தில் மட்டும் விடுவதும் தப்பு. முடிந்தவரை மக்கள் கையிலிருக்கும் படியை முடித்துவிட்டுத்தான் குறுக்கீட்டின் பக்கம் போவார்கள். தாங்களாகவே வேலையை விட்டுத் தாவுவதும் உண்டு.

சரிபார்க்க மொத்த நேரத்தை ஒப்பிடாதீர்கள், எந்த மாடலையும் அதற்குப் பொருத்திவிடலாம். திரும்பி வந்தபின் முதல் சொடுக்குக்கு ஆன நேரத்தையும், தவறியவர்கள் படியைத் தாண்டினார்களா, செய்ததையே மறுபடி செய்தார்களா என்பதையும் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிடுங்கள்.