கடற்கரை சிக்ஸர் கணக்கில் வராது

போன இதழில் எங்கள் திருகோணமலைப் பிள்ளைகளின் கிரிக்கெட் பற்றிக் கொஞ்சம் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பிள்ளை நன்றாக விளையாடுகிறான், மேலே போக வழி என்ன? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

மகனுக்குப் பதினான்கு வயது. பின்னேரங்களில் டச்சு பே கடற்கரையில் மென்பந்து விளையாடுவான். பெரிய பொடியன்கள் போடும் பந்தையே கடலுக்குள் அடிக்கிறான். மாவட்ட அணியில் சேர்க்க யாரைப் பிடிக்க வேண்டும்? – ஒரு தாய், உவர்மலை

அக்கா, யாரையும் பிடிக்க வேண்டாம், நாளைக்கே பாடசாலைக்குப் போய் கிரிக்கெட் பொறுப்பாசிரியரோடு கதையுங்கள். மென்பந்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், கண்ணும் கையும் அங்கேதான் பழகும். லசித் மாலிங்கவே ரத்கமவில் மென்பந்து எறிந்து வளர்ந்தவர்தான். ஆனால் பயிற்றுநர் சம்பக்க ராமநாயக்கவின் கண்ணில் பட்டு, காலி மஹிந்த கல்லூரிக்குப் போய், கடினபந்தில் விக்கெட் எடுத்த பிறகுதான் அவர் பெயர் வெளியே வந்தது. கடற்கரையில் அடித்த சிக்ஸர் கடலோடு போய்விடும், தெரிவாளர் கையில் இருக்கும் தாளில் அது வராது.

ஏணி இப்படித்தான் போகிறது. இலங்கைப் பாடசாலைகள் கிரிக்கெட் சங்கம் 13, 15, 17, 19 வயதுப் பிரிவுகளில் போட்டி நடத்துகிறது. அதில் ஆடுகிற பிள்ளைகளிலிருந்து மாவட்டக் குழாம், அங்கிருந்து மாகாண அணி. கிழக்கு மாகாணம் என்றால் நாங்கள், மட்டக்களப்பு, அம்பாறை என்று மூன்று மாவட்டமும் ஒரே அணிக்குள் இடம் தேட வேண்டும். மாகாணங்களுக்கிடையிலான போட்டியைத்தான் தேசிய இளையோர் தெரிவாளர்கள் வந்து பார்க்கிறார்கள், அங்கே ஓட்டம் எடுத்தால்தான் தேசியக் குழாம் என்ற கதையே வரும். உங்கள் மகனுக்கு 15 வயதுப் பிரிவு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, ஆகவே அடுத்த தவணை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இன்னொன்று, இது என் தலையில் விழுந்த அடி. நான் படித்த காலத்தில் ஒரு போட்டியில் ஆறு விக்கெட் எடுத்தேன். ஸ்கோர் எழுதியவன் எங்கள் வகுப்புப் பொடியன், சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதினான், பின்னேரம் மழை வந்தது, கொப்பி மேசையிலேயே கிடந்தது. அடுத்த நாள் பார்த்தால் நீல மை முழுக்கப் பரவி என் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. மாவட்டத் தெரிவுக்குக் கணக்குக் கேட்டார்கள், கொடுக்க ஒன்றும் இல்லை. வாய்ப்பேச்சை யார் நம்புவார்? அதனால் சொல்கிறேன், ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஸ்கோர் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள், திகதியோடு.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. 19 வயதுப் பாடசாலைப் பருவம் பல காலமாக செப்டெம்பர் அளவில் தொடங்கி மார்ச் வரை போகும். எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. கொழும்புப் பிள்ளை ஜனவரியில் வெயிலில் சதம் அடிக்கும்போது எங்கள் பிள்ளை மைதானத்தில் தேங்கிய தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆடுகிற போட்டி குறைந்தால் ஓட்டக் கணக்கும் குறையும், திறமை குறைந்ததாக அர்த்தமில்லை. தெரிவு செய்கிறவர்கள் மொத்த ஓட்டத்தை மட்டும் பார்க்காமல் எத்தனை இன்னிங்ஸ் ஆடினான் என்றும் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

எனக்குப் பதினாறு வயது, வேகப்பந்து வீசுகிறேன். பாடசாலை, ஊர்க் கழகம், ஞாயிற்றுக்கிழமை மென்பந்து எல்லாம் விளையாடுகிறேன். ஒரு மாதமாகக் கீழ் முதுகு நோகிறது. மாவட்டத் தெரிவு வருகிறது. வீசலாமா? – கிண்ணியா

வீசாதே தம்பி. எண்ணெய் பூசிச் சமாளிக்கிற நோவு இல்லை இது. வளருகிற வயதில் வேகமாக வீசுகிறவர்களுக்குக் கீழ் முதுகெலும்பில் மெல்லிய வெடிப்பு வருவது உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினை, ஒரு மாதமாக விடாத நோவு என்றால் வைத்தியரிடம் போய் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். பிந்தினால் ஒரு தெரிவு போகாது, ஒரு வருடமே போகும்.

இங்கிலாந்தில் 15 வயதுக்குட்பட்டவன் ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்றுதான் நெடுங்காலமாக வைத்திருந்தார்கள். நீ மூன்று இடத்தில் வீசுகிறாய், ஒவ்வொரு அணித்தலைவரும் தன் ஓவரை மட்டும்தான் எண்ணுகிறார், கூட்டிப் பார்க்க ஆளில்லை. நீயே எண்ணு. ஒரு சின்னக் கொப்பி போதும்: திகதி, வலைப்பயிற்சியில் எத்தனை பந்து, போட்டியில் எத்தனை ஓவர், நோவு இருந்ததா இல்லையா. வைத்தியரிடம் போகும்போது அதையும் கொண்டு போ. ஞாயிறு மென்பந்தை இன்றைக்கே விடு. நண்பர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

கொழும்புப் பாடசாலை ஒன்றில் சேர்த்தால்தான் மகனுக்கு எதிர்காலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயது பதின்மூன்று. வீட்டை ஈடு வைக்கவும் யோசிக்கிறேன். – ஒரு தகப்பன், லிங்கநகர்

ஐயா, வீட்டை விடுங்கள்.

கொழும்பில் வசதி கூட என்பது உண்மை. டர்ஃப் என்கிற உருட்டிய மண் ஆடுகளம், பயிற்றுநர்கள், வாரத்துக்கு வாரம் போட்டி. ஆனால் அங்கே ஒரு வயதுப் பிரிவுக்கு நூறு பிள்ளை வரிசையில் நிற்கும், பதின்மூன்று வயதில் தனியாக விடுதியில் இருக்கிற உங்கள் பிள்ளை மூன்று வருடம் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு திரிந்தாலும் திரிவான். இங்கே இருந்தால் பதினொருவரில் ஒருவனாக ஒவ்வொரு போட்டியும் ஆடுவான். யாழ் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்தைப் பாருங்கள். 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்கு ஆடினார், 2024இல் காயப்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை எடுத்தது. முரளிதரனும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடி முடித்துவிட்டுத்தான் கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்துக்குப் போனார். கழகக் கிரிக்கெட் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றித்தான் என்பதால் ஒரு நாள் போகத்தான் வேண்டியிருக்கும், அது உயர்தரம் முடிந்த பிறகு என்றால் பிள்ளைக்கும் தாங்கும், உங்களுக்கும் தாங்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவன் பின்தங்குவான், அதை மறைக்கக் கூடாது. இங்கே பெரும்பாலும் ஆடுகளத்தில் மெட்டிங், அதாவது பாய், விரித்துத்தான் ஆடுகிறோம். மெட்டிங்கில் பந்து இடுப்புக்கு மேல் எழும்பி ஒழுங்காக வரும், பின்காலில் நின்று குறுக்கே அடித்தே ஐம்பது எடுக்கலாம். அதே பிள்ளை மாகாணத் தெரிவுக்கு டர்ஃபில் இறங்கினால் பந்து முழங்காலுக்குத்தான் வரும், அதே அடியை அடிக்கப் போவான், ஸ்டம்ப் பறக்கும். இதை எத்தனை தரம் பார்த்திருப்பேன்! ஈடு வைக்கிற காசில் ஒரு துளியைச் செலவழித்து, விடுமுறையில் தம்புள்ளைப் பக்கம் எங்காவது டர்ஃபில் சில நாள் பயிற்சிக்கு ஒழுங்கு செய்யுங்கள். நூறு கிலோமீட்டர்தான், காலையில் போய் இரவு வந்துவிடலாம்.

மாகாண அணியில் போடுவதாகச் சொல்லி ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா? – பாலையூற்று

கொடுக்காதீர்கள். கேட்ட திகதியையும் தொகையையும் எழுதி வைத்துவிட்டு பாடசாலை அதிபரிடம் போங்கள்.

எங்கள் பாடசாலையில் பெண்கள் அணி இல்லை. எனக்குப் பதினைந்து வயது, தம்பியோடு வளவுக்குள் விளையாடுவேன், சுழற்பந்து வீசுவேன். எனக்கு வழி இருக்கா? – மூதூர்

இருக்கு தங்கச்சி, உன் அண்ணன்மாருக்கு இருப்பதைவிடக் கிட்டவே இருக்கு என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் பெண்கள் பக்கம் வரிசை இன்னும் நீளவில்லை. 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணமே 2023இல்தான் தொடங்கியது, இரண்டாவது 2025இல் மலேசியாவில் நடந்தது. 2024 ஜூலையில் தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்தார்களே, அந்த அணித்தலைவி சமரி அத்தபத்து குருநாகல் பக்கத்துக் கிராமத்துப் பெண்.

அணி இல்லை என்றால் முதலில் உன்னைப் போல ஆறேழு பேரைச் சேர்த்துக்கொள், தடியால் பந்தடிக்கிற எல்லே விளையாடுகிற பிள்ளைகளைக் கேள், அவர்களுக்கு அடிக்கவும் பிடிக்கவும் ஏற்கெனவே தெரியும். பிறகு எல்லோருமாக உடற்கல்வி ஆசிரியரிடம் போங்கள், தனியாகப் போனால் "பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார்கள். பந்து வாங்கும்போது கவனம், பெண்களுக்கான கடினபந்து 140 முதல் 151 கிராம், ஆண்களின் பந்து 156க்கு மேல். தம்பியின் பந்தில் பழகினால் போட்டியில் விரலுக்கு வேறு மாதிரி இருக்கும்.

பதினொருவர் சேரும் வரைக்கும் ஒரு வேலை சொல்கிறேன். ஸ்கோர் எழுதப் பழகு. போன மாதம் மெக்கெய்சர் மைதானத்தில் ஒரு போட்டி பார்த்தேன், எல்லைக்கோட்டுக்குள் மான் இரண்டு வந்து நின்று, நடுவர் ஓவரை நிறுத்தி, பொடியன்கள் விரட்டி, திரும்பத் தொடங்கும்போது இது நாலாவது பந்தா ஐந்தாவதா என்று மேசையில் இருந்த இரண்டு பேருக்கும் சண்டை. ஒழுங்காக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை அங்கே இருந்திருந்தால் பயிற்றுநர்கள் எல்லாம் வந்து அவளிடம்தான் கேட்டிருப்பார்கள்.