மணிக்கட்டில் கெல்டிக் முடிச்சு: 2 செ.மீ. போதுமா?

அயர்லாந்தின் கால்வேயில் பிறந்த மறைந்த மாமனாரின் நினைவாக, மணிக்கட்டில் 2 செ.மீ. அளவில் பச்சை குத்த வேண்டும், மும்முனை முடிச்சா, மூன்று சுருளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் இணையத்தில் ஒரு "பழங்காலப் பொருள்" சொல்கிறார்கள். பெரும்பாலும் அண்மைக்காலக் கற்பனை. மூன்று சுருள் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைக்கு உரியது, சுமார் கி.மு. 3200, பண்டைய ஐரோப்பிய மக்களான கெல்டியருக்கு வெகுகாலம் முந்தையது. பின்னல் முடிச்சுகள் செழித்ததோ கி.பி. 800 வாக்கில் உருவான கெல்ஸ் நூல் போன்ற கிறித்தவச் சுவடிகளில். நானாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடுவேன். இரு கைகள் முடிசூடிய இதயத்தை ஏந்தும் கிளாடா மோதிர வடிவம் கால்வேயின் சொந்தச் சொத்தல்லவா? அவர் அதை அணிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

முடிச்சுதான் வேண்டுமென்றால் முன்கைக்கு மாற்றிப் பெரிதாக்குங்கள். மை நாளடைவில் தோலுக்குள் பரவும், 2 செ.மீ. பின்னலில் இடைவெளிகள் அடைந்து வெறும் கறைதான் மிஞ்சும். ஊசி படும் முன், தோலில் ஒட்டிய அச்சில் ஓர் இழையை விரலால் தொடர்ந்து பாருங்கள். மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி வர வேண்டும். அடுத்தடுத்து இருமுறை மேலே வந்தால், கூச்சப்படாமல் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.