வாசகர் கேள்வி: காரோடு வந்த ஸ்டீரியோவில் சப்வூஃபர் சேர்க்கலாமா?

கேள்வி: காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்ற மனமில்லை. ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஆம்ப்ளிஃபையரும் உள்ளேயே இருக்கிற, சீட்டுக்கு அடியில் வைக்கும் 150 வாட் சப்வூஃபர் (பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்) ஒன்று வாங்கிவிட்டேன். ஸ்டீரியோவுக்குப் பின்னால் பார்த்தால், ஆம்ப்ளிஃபையருக்குப் பாட்டை எடுத்துக்கொடுக்கும் ஆர்சிஏ சாக்கெட்டே இல்லை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்து எடுத்தால் ஸ்டீரியோ எரிந்துவிடும் என்கிறார் நண்பர். நானே செய்யலாமா?

பதில்: செய்யலாம், எரியாது. நண்பர் சொல்வது ஆம்ப் இல்லாத வெறும் சப்வூஃபருக்குப் பொருந்தும். 4 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 4 ஓம் சப்வூஃபரை இணையாகப் போட்டால் சுமை 2 ஓமாக இறங்கிவிடும். ஸ்டீரியோவில் இருக்கிற சின்ன சிப் சூடேறித் திணறும். உங்களுடையது அந்த ரகம் இல்லை. அது ஸ்பீக்கர் ஒயரை ஒட்டுக் கேட்கும், அவ்வளவுதான். உழைப்பதற்கான கரண்டை பேட்டரியிடம் நேராக வாங்கிக்கொள்ளும். பாட்டு ஒரு வழி, கரண்ட் இன்னொரு வழி என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆரம்பிக்கும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, சில நிமிடம் சும்மா இருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்ற வேண்டாம், மீட்டர் வைத்தும் பார்க்க வேண்டாம்.

முதலில் பாட்டு வழி. சப்வூஃபரோடு வந்த ஒயர்க் கட்டில் 'ஹை லெவல் இன்புட்' என்று நாலு ஒயர் இருக்கும். அவற்றைப் பின் ஸ்பீக்கர்கள் இரண்டின் ஒயர்களோடு சேர்க்க வேண்டும். இதற்காகப் பின்கதவு வரை போக வேண்டாம், ஸ்டீரியோவின் பின்னாலேயே எடுத்துவிடலாம். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் பின் இடது பச்சை, பின் வலது ஊதா, கறுப்புக் கோடு போட்டது மைனஸ் என்று ஒரு வழக்கம் உண்டு; கார் கம்பெனிகள் அதைச் சட்டை செய்வதில்லை. நான் செய்வது இது: ஸ்டீரியோவின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒரு 1.5 வோல்ட் செல்லைக் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுப்பேன். எந்த ஸ்பீக்கர் 'டப்' என்கிறதோ அதன் ஒயர்தான் அது. ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) வெளிப்பக்கம் தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட ஒயர் பிளஸ். உள்ளே இழுத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கனெக்டர் ஸ்டீரியோவில் மாட்டியிருக்கும்போது மட்டும் இந்த விளையாட்டு கூடவே கூடாது.

சேர்க்கும்போது, அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்புகளை நான் தொடுவதில்லை. குலுங்கிக் குலுங்கி நாளடைவில் தளர்ந்துவிடும். சால்டர் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். உங்கள் காருக்கென்றே இடையில் செருகும் கனெக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு ஒயரையும் வெட்ட வேண்டாம்.

'மைனஸ்தானே' என்று ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை பாடியில் எர்த் செய்துவிடாதீர்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையுமே ஆம்ப் தள்ளுகிறது. பாடியைப் பொறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டிலும் சுமார் 6 வோல்ட் நிற்கும். அதை எர்த் செய்தால்தான் உங்கள் நண்பர் சொன்ன கதை நிஜமாகும். அதே 6 வோல்ட்டை மோப்பம் பிடித்துத் தானே விழித்துக்கொள்ளும் வசதி பல சப்வூஃபர்களில் உண்டு. ஸ்டீரியோவைப் போட்டும் உங்களுடையது விழிக்கவில்லை என்றால், ரிமோட் ஒயரை (சப்வூஃபரை 'விழித்துக்கொள்' என்று சொல்லும் ஒயர்) சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ஆக்சசரி ஃபியூஸில் சேர்த்துவிடுங்கள். இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். மாலை இருட்டுகிற அவசரத்தில், எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயரில் ரிமோட்டைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் காலை, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன். பாடாமல் சும்மா விழித்திருக்க அரை ஆம்பியர் குடித்தால்கூட ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

இனி கரண்ட் வழி. 150 வாட்டை உண்மையாகவே கொடுக்கிற சப்வூஃபர் 15 ஆம்பியர் கிட்ட இழுக்கும். ஸ்டீரியோவுக்குப் போகும் ஒயரில் இதையும் ஏற்றாதீர்கள். பேட்டரி பிளஸிலிருந்து தனி ஒயர். அதன் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், முடிந்தால் ஒரு சாண் தூரத்திலேயே இருக்க வேண்டும். 'சப்வூஃபர் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் இருக்கிறதே' என்று கேட்பவர்கள் அதிகம். அது சப்வூஃபருக்கு. இது ஒயருக்கு. இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் தகட்டில் ஒயர் உரசி இன்சுலேஷன் கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயரில் கொட்டும்; ஃபியூஸ் அந்த இடத்துக்கு முன்னால் இருந்தால்தான் தப்பிக்கலாம். ஒயரை ஏற்கெனவே இருக்கும் ரப்பர் புஷ் வழியாகவே நுழையுங்கள். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தில் செம்புப் பூச்சு. அது வேண்டாம், முழுச் செம்பே வாங்குங்கள்.

எர்த் ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 'தாளத்துக்குத் தாளம் சப்வூஃபர் அணைந்து அணைந்து எரிகிறது' என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள், ரிங் டெர்மினல் வைத்து முடுக்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். சீட் பெல்ட் போல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: சப்வூஃபர் போட்ட பிறகு முன்னைவிட பேஸ் குறைந்த மாதிரி இருக்கிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. கதவு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும் நேரத்தில் சப்வூஃபர் பின்னே இழுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 'ஃபேஸ்' சுவிட்சை 0-விலிருந்து 180-க்கு மாற்றி, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. சுவிட்ச் இல்லை என்றால் உள்ளே வரும் ஸ்பீக்கர் ஒயர்களில் பிளஸ் மைனஸை இரண்டு பக்கமும் மாற்றிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இடதும் வலதும் அடித்துக்கொள்ளும்.

கேள்வி: சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸ் நன்றாக இருக்கிறது. ஏற்ற ஏற்றக் காணாமல் போகிறது.

பதில்: அது உங்கள் ஒயரிங் தப்பாக இருக்காது. கதவிலிருக்கும் சின்ன ஸ்பீக்கர் கிழியாமலிருக்க, சத்தம் கூடக்கூட பேஸைக் குறைக்கும்படி சில கார் ஸ்டீரியோக்களைச் செய்திருக்கிறார்கள். ஒட்டுக் கேட்பவருக்கு, பேசுவதுதானே கேட்கும்! ஸ்டீரியோவில் பேஸைக் கொஞ்சம் ஏற்றி, சப்வூஃபரின் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து (அதற்கு மேலான ஒலியை அது குறைத்துவிடும்), நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் கெயினை, அதாவது சப்வூஃபர் எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்பதை, சரிசெய்யுங்கள். போதவில்லை என்றால், வெட்டிய பேஸை மீட்டுத் தரும் வசதியுள்ள லைன் அவுட்புட் கன்வர்ட்டர் (ஸ்பீக்கர் ஒயரில் வரும் பாட்டை ஆர்சிஏவுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை இடையில் போட வேண்டியிருக்கும். அப்போது கன்வர்ட்டரிலிருந்து சப்வூஃபரின் ஆர்சிஏ இன்புட் வழியாகப் பாட்டைக் கொடுங்கள்.