கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்தானே? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் மக பிஎஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி வருஷம். சாப்பாட்டுல வர்ற கிருமிகளைப் பத்தி பிஎச்டி வரைக்கும் படிக்கணும்ங்கிறா. அவ அப்பத்தா "கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும், இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு"ங்கிறாக. அனுப்பலாமா?
ஒரு தாய், தேவகோட்டை

பதில்: தாராளமா அனுப்புங்க ஆச்சி. அப்பத்தா கேட்டதுதான் இந்தத் துறையோட முக்கியமான கேள்வியே, ஏன்னா கொதிக்க வச்சா எல்லாமே சாகாது.

நான் எம்எஸ்சி படிக்கிறப்ப எங்க சொந்தத்துல ஒரு விசேஷம், மதியம் 2 மணிக்கு கறிக்குழம்போட சாப்பாடு, ராத்திரி 12 மணிக்கு மேல ஒவ்வொருத்தரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக, எல்லாருக்கும் சமையல்காரர் மேலதான் கோவம். மறுநாள் எங்க பேராசிரியர்கிட்ட சொன்னேன், அவர் என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கல, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சது, வாந்தி இருந்துச்சான்னு கேட்டார். பத்து மணி நேரம், வாந்தி இல்ல, வயித்து வலியும் போக்கும்தான்னேன். அப்படின்னா க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்ங்கிற கிருமியா இருக்கும்னார். சாப்பிட்ட ரெண்டு மூணு மணி நேரத்துலயே வாந்தின்னா அவர் சந்தேகம் ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற இன்னொரு கிருமி மேல போயிருக்கும்.

இந்த க்ளாஸ்ட்ரிடியம் ஸ்போர்னு ஒரு கெட்டியான கூட்டுக்குள்ள ஒடுங்கி கொதியைத் தாங்கிக்கும். கொதிக்கும்போது குழம்புல இருக்கிற ஆக்சிஜன் வெளிய போயிடுது, ஆக்சிஜன் இல்லாத இடம்தான் அதுக்கு வேணும். பெரிய அண்டாவுல மேல நெய் உறைஞ்சு ஆறின மாதிரி இருக்கும், கரண்டியை அடி வரைக்கும் விட்டுப் பாத்தா நடுவுல வெதுவெதுன்னு இருக்கும் பாருங்க, அங்கதான் வளருது. 43 டிகிரிகிட்ட சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும், அப்படிப் பாத்தா ஒரே ஒரு கிருமி மூணு மணி நேரத்துல ரெண்டரை லட்சத்தைத் தாண்டிரும். சமையல்காரர் கைப்பக்குவத்துல குறை இல்ல, குழம்பைச் சின்னச் சின்ன பாத்திரத்துல மாத்தி ஆற வைக்கல, அவ்வளவுதான். பாவம், அந்த மனுஷன் வாங்கின ஏச்சு எனக்கு இன்னும் மனசுல இருக்கு.

பொறுமை வேணும், அதை மட்டும் மகள்கிட்ட சொல்லி வைங்க. காலரா கிருமியை ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் 1884ல கல்கத்தாவுல பிரிச்சு எடுத்தார், அது ஒரு நச்சை விடுதுன்னும் நினைச்சார், ஆனா அதை நிரூபிக்க 1959 ஆச்சு. நிரூபிச்சவர் அதே கல்கத்தாவுல வேலை பார்த்த சம்பு நாத் டே. முயல் குடல்ல ஒரு துண்டைக் கட்டி, கிருமி வளர்ந்த திரவத்துல இருந்து கிருமியை வடிகட்டி எடுத்துட்டு, மிச்சத் திரவத்தை மட்டும் உள்ள செலுத்தினார், அந்தத் துண்டு தண்ணி கோத்து வீங்கிடுச்சு. எத்தனை எளிமையான சோதனை! அவரைப் பத்தி நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு வரி கூட சொல்லிக் கொடுக்கலையேன்னு எனக்கு ரொம்ப வருத்தம்.

எம்எஸ்சி முடிச்சு சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தேசிய அளவுத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா 2023ல இருந்து மாசம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தூரமா அனுப்ப யோசனையா இருந்தா பக்கத்துலயே காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கு, அங்க சீ.எலிகன்ஸ்ங்கிற ஒரு மில்லிமீட்டர் புழுவை வச்சு, நோய்க்கிருமி உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி நடக்குது. உணவு மட்டும்தான்னா மைசூர்ல சிஎஃப்டிஆர்ஐங்கிற மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் இருக்கு.

கேள்வி: கிருமி மகளுக்கே தொத்திக்கிட்டா?
அதே தாய்

பதில்: பயம் நியாயம்தான். முதல்ல கத்துக்கொடுக்கிறதே பாதுகாப்பைத்தான். க்ளவுஸ், கோட், காத்தை வடிகட்டுற கேபினட், வேலை முடிஞ்சா எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ங்கிற பெரிய பிரஷர் குக்கர்ல 121 டிகிரியில வேக வைக்கணும், அதுல ஸ்போரும் சாகும். டைபாய்டு கிருமியோட வேலை பாக்கப் போறான்னா தடுப்பூசி போட்டுட்டு அனுப்புங்க. லேபுக்குள்ள தண்ணி பாட்டில் கூட கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: மதியம் வடிச்ச சோறு ராத்திரி வரை வெளிய இருந்தா சூடு பண்ணிச் சாப்பிடலாமா?
ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம்ணே. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்ங்கிற கிருமி வரும், அது விடுற, வாந்தி வரவைக்கிற நச்சு மறுபடி கொதிக்க வச்சாலும் அழியாது. கிருமியை அடையாளம் காணப் போடுற கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா ஊதாக் குச்சி, அதுக்கு நடுவுல சாயமே ஏறாம கண்ணாடி மாதிரி ஒரு புள்ளி, அதுதான் கொதியைத் தாங்குற அந்த ஸ்போர். சோறு வடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள தட்டுல பரப்பி ஆற வச்சு ஃப்ரிட்ஜுல வச்சிருங்க.