கட்டி ஒரு மூலையில், வலி உடம்பெங்கும்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்தவர், மூன்று வருடமாக இடுப்பு வலி, இரண்டு முறை விலா எலும்பில் விரிசல், இப்போது படியே ஏற முடியவில்லை. முதலில் வாதம் என்றார்கள், அப்புறம் மனக்கவலை என்றார்கள். இப்போது ஏதோ சின்னக் கட்டியால் எலும்பு மிருதுவாகிறதாம். புற்றுநோயா? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: பெரும்பாலும் இல்லை சகோதரி. அந்தக் கட்டி எஃப்.ஜி.எஃப் 23 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அதனால் எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் என்ற தாதுவைச் சிறுநீரகம் சிறுநீரில் வெளியேற்றிவிட, எலும்பு இறுகாமல் போகிறது, தசையும் சோர்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பல நேரம் பாஸ்பேட்டைப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் வருடக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. வலியைவிட, "சும்மா நடிக்கிறான்" என்று சொந்தக்காரர் பேசுவதுதான் இவர்களை அதிகம் உடைக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கட்டி இருக்கும் இடம் தெரிந்துவிட்டதா? அது பாதத்திலோ தாடையிலோகூட ஒளிந்திருக்கும், காலியம் 68 என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் தேடித் தரும். முழுதாக அகற்றினால் பாஸ்பேட் சில நாளில் ஏறிவிடும், எலும்பு தேறத்தான் மாதங்கள் ஆகும். அகற்ற முடியாவிட்டால் பாஸ்பேட்டும் கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்தும் தருவார்கள். அந்த ஹார்மோனைத் தடுக்கும் புரோசுமாப் ஊசியும் உண்டு, அமெரிக்காவில் 2020இல் அனுமதித்தார்கள். எலும்பு தேறும்வரை குளியலறையில் கைப்பிடி போடுங்கள், விழ விடாதீர்கள்.