மருத்துவ ஆராய்ச்சிக்கு எந்த வாசல் வழியாகப் போவது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பில் உயிரியல்–கணிதப் பிரிவில் படிக்கிறாள். நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். உறவினர்களோ, “நீட் எழுதி டாக்டராகாதவள் நோயைப் பற்றி என்ன ஆராய்ந்துவிடப் போகிறாள்?” என்று கேட்கிறார்கள். டாக்டர் பட்டம் இல்லாதவருக்கு இந்தத் துறையில் உண்மையிலேயே இடம் உண்டா? – ஒரு தந்தை, அருப்புக்கோட்டை.

பதில்: உண்டு. அது ஓரத்தில் ஒதுக்கப்பட்ட இடமும் அல்ல. இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னை சேத்துப்பட்டில் நடந்ததைச் சொன்னாலே போதும். 1950-களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது, ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மருத்துவமனைப் படுக்கைகள் நாட்டில் இல்லை. காசநோய் என்றால் சானடோரியம் எனப்படும் ஓய்வு மருத்துவமனையில் படுத்து, நல்ல உணவு உண்டு, ஓய்வெடுத்தால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. (தாம்பரத்துக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு ரயில் நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.) மாத்திரைகளைக் கொடுத்து நோயாளியை அவருடைய நெரிசலான வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வியோடு 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 200-க்கும் சற்றுக் குறைவான நோயாளிகள், யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல், குலுக்கல் போன்ற ஒரு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதியினர் தாம்பரம் சானடோரியத்திலும் மறுபகுதியினர் தத்தம் வீடுகளிலும் ஓராண்டு சிகிச்சை பெற்றார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. உணவும் ஓய்வும் குறைவாகக் கிடைத்தபோதிலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்து அதனால் கூடிவிடவும் இல்லை. உலகம் காசநோய்க்குச் சிகிச்சை தரும் முறை அதன் பிறகு மாறியது.

அந்த ஆய்வை நடத்தியவர்கள் யார் என்று பாருங்கள். டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் முன்னறிவிப்பின்றி வீட்டுக் கதவைத் தட்டி, டப்பாவில் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணியவர் டாக்டர் அல்லர். நோயாளி உண்மையிலேயே மருந்தை விழுங்கினாரா என்று சிறுநீரைச் சோதித்தவரும் அல்லர். சளி மாதிரியை முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் இட்டு, அதில் கிருமி முளைக்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் வேலை ஆய்வகத்தாருடையது. யாரை எந்தப் பிரிவில் சேர்ப்பது, எத்தனை பேர் குணமானால் அதைத் தற்செயல் அல்ல என்று சொல்லலாம் என்பதெல்லாம் புள்ளியியல் வல்லுநரின் பொறுப்பு. இவர்களில் ஒருவர் தவறியிருந்தாலும் அந்த முடிவை உலகம் நம்பியிருக்காது. உங்கள் மகளிடம் “டாக்டரா, ஆராய்ச்சியாளரா?” என்று கேட்பதைவிட, நோயாளியோடு பேசப் பிடிக்குமா, நுண்ணோக்கியோடு இருக்கப் பிடிக்குமா, எண்களோடு மல்லுக்கட்டப் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அவள் தரும் பதிலிலிருந்து படிப்பைத் தேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்தைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா? – ஒரு மாணவர், விருத்தாசலம்.

பதில்: முறையாகக் கேட்டால் விடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி நாடு முழுவதும் உள்ள தன் ஆய்வு நிறுவனங்களின் கதவுகளை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காகத் திறந்தது. 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் சென்று பார்த்தார்கள். அத்தகைய நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள புதுச்சேரியில், கொசு போன்ற நோய் பரப்பும் உயிர்களுக்கென்றே 1975 முதல் ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. சென்னையில் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் இருக்கின்றன. தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு, எத்தனை மாணவர்கள், எந்த வகுப்பு, எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று தெளிவாக எழுதி, நிறுவன இயக்குநருக்குக் கடிதம் அனுப்புங்கள். “ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி வேண்டும்” என்று மொட்டையாக எழுதுவதைவிட, “கொசுக்களை எப்படி வளர்த்து, மருந்துக்கு அவை அடங்குகின்றனவா என்று சோதிக்கிறீர்கள்?” என்று கேட்டு எழுதினால், படிப்பவருக்கே உங்களைப் பார்க்கத் தோன்றும். பதில் வரத் தாமதமானால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தமிழ் வழிக் கல்வியை நினைத்துத் தயங்க வேண்டாம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பது உண்மை, அதைப் பழகிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கத்தான் வேண்டும். ஆனால் கிராமத்தில் ஒரு பாட்டியிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டுச் சரியான பதிலை வாங்க உங்கள் தமிழ்தான் வேண்டும். மருத்துவப் படிப்பையும் நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு செய்தி: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு நுண்ணோக்கி, அதன் லென்ஸிலும் பூஞ்சை படிந்திருக்கிறது. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உடல்நலம் தொடர்பான ஆய்வு ஒன்றைச் செய்ய மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். ரத்த வகை கண்டறியும் முகாம் நடத்தலாமா? – ஓர் அறிவியல் ஆசிரியை, திருத்துறைப்பூண்டி.

பதில்: ரத்தம் வேண்டாம். மாணவர் கையில் ஊசியைக் கொடுப்பது ஆபத்து என்பது ஒரு காரணம். நூறு பேரின் ரத்த வகையை எழுதிவைப்பதில் விடை தெரியாத கேள்வி எதுவும் இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். கேள்வி இல்லாத இடத்தில் ஆய்வும் இல்லை, பட்டியல் மட்டும்தான் மிஞ்சும்.

மாறாக, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு டார்ச் விளக்கு, ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் 40 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். தெரிந்தவர் வீடாகப் பார்த்துப் போகாமல், ஒவ்வொரு மூன்றாவது வீடும் என்பதுபோல் ஒரு விதியை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு அதை மீறாமல் போக வேண்டும். தண்ணீர் நிற்கும் ஒவ்வொன்றையும் பாருங்கள்: அண்டா, குடம், சிமெண்டுத் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு. தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு வெளிச்சம் அடித்தால் புழுக்கள் நெளிந்து கீழே ஓடும், சிறிது நேரத்தில் மூச்சு விட மேலே வரும். வாலிலுள்ள குழாய் நீர்ப்பரப்பைத் தொட, தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது ஏடிஸாக இருக்கலாம். வீட்டுக் கொசுவான கியூலெக்ஸின் புழுவும் அப்படித்தான் தொங்கும் என்பதால் குழாயின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும், ஏடிஸுக்கு அது குட்டையாக இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸின் புழு தொங்காது, நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். இந்த வேறுபாட்டை ஒரு முறை கண்ணால் பார்த்த மாணவருக்குப் பாடப் புத்தகத்தின் படம் பிறகு தேவைப்படாது.

இனிக் கணக்கு. 40 வீடுகளில் 6-இல் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 15. அந்த 6 வீடுகளிலும் சேர்த்து 9 பாத்திரங்களில் புழு இருந்தால், 100 வீடுகளுக்கு எத்தனை என்று பார்க்கும் பிரெட்டோ குறியீடு 22.5. சுகாதாரத் துறையினர் பயன்படுத்தும் அளவீடுகளே இவை. இதோடு நிறுத்திவிடாமல் ஒரு கேள்வியைச் சேருங்கள். குழாயில் தினமும் தண்ணீர் வரும் தெருவுக்கும், நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தெருவுக்கும் இந்த எண் மாறுகிறதா? அடிக்கடி தண்ணீர் வராத வீட்டில்தான் தொட்டிகள் நாள்கணக்கில் நிரம்பி நிற்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். விடை எதுவாக இருந்தாலும் அது உங்கள் ஊரைப் பற்றி வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிராத செய்தியாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவதாக, வீட்டாரிடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி கேட்ட பிறகே உள்ளே செல்ல வேண்டும். முடியாது என்றால் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். நோட்டில் வீட்டுக்காரர் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் “உங்கள் வீட்டில்தான் புழு” என்று தெருவில் சண்டை வரும். அனுமதியை இவ்வளவு பெரிதாகச் சொல்வானேன் என்று மாணவர்கள் கேட்டால், குழந்தைகளை ஓர் ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவும் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். இரண்டாவதாக, எதையும் நினைவில் வைத்துப் பிறகு எழுதக் கூடாது. நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் 40 பேரின் ரத்த மாதிரிக் குழாய்களில் சாதாரணப் பேனாவால் எண் எழுதி ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். பனி உருகி மை கரைந்தது. எது யாருடையது என்று தெரியாமல் நாற்பதையும் கொட்ட வேண்டியதாயிற்று. நாற்பது பேரும் எனக்காக மறுபடி கையை நீட்டினார்கள். அன்றிலிருந்து பென்சிலும் ஒட்டுத்தாளும்தான்.

கேள்வி: பி.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படித்தால் மருத்துவ ஆராய்ச்சியில் உடனே வேலை கிடைக்கும் என்று ஒரு கல்லூரி விளம்பரத்தில் பார்த்தேன். நம்பலாமா? – ஒரு மாணவி, நாமக்கல்.

பதில்: ‘உடனே’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். அந்தப் பட்டம் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் கொண்டுசெல்லும் நல்ல பாதை, ஆனால் நீண்ட பாதை. இளங்கலை முடித்ததும் சம்பாதிக்க வேண்டிய குடும்பச் சூழல் இருந்தால் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு கைகொடுக்கும். மருத்துவமனை, ஆய்வு நிறுவனம் இரண்டிலும் அதற்கு இடம் உண்டு. இத்தகைய துணைநிலை மருத்துவப் படிப்புகளுக்கான சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்த ஆண்டின் அரசு அறிவிப்பை மட்டுமே பாருங்கள். அடிப்படை அறிவியலில் ஆழமாகப் போக விரும்பினால் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி) நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. முதுகலைக்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கைக்குத் தேர்ச்சி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், 2023-இல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு பாதையையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு நன்றாக வரும் மாணவர்கள் புள்ளியியல் படித்துவிட்டு, மருத்துவ ஆய்வின் எண்களை அலசும் உயிர்ப்புள்ளியியலுக்குப் போகலாம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அதற்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. நான் பார்த்த வரையில், மருத்துவ ஆய்வுக் குழுக்கள் எப்போதும் தேடிக்கொண்டிருக்கும் ஆள் இவர்தான்.

கேள்வி: எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. இந்தத் துறை எனக்கு ஒத்துவருமா? – பத்தாம் வகுப்பு மாணவர், பழனி.

பதில்: முந்தைய பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தவிரவும், இந்த மயக்கம் பலருக்குப் பழகப் பழகக் குறைந்துவிடுகிறது.

கேள்வி: இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது சென்னையில் படித்த ஒரு மாணவி என்று தோழி சொல்கிறாள். உண்மையா? அவருக்குப் பெரிய ஆய்வகம் இருந்ததா? – ஒரு மாணவி, சிவகாசி.

பதில்: உண்மை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா செல்லப்பனுக்கு, பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வேட்டுக்காகக் கொடுத்த தலைப்பு அது. அந்த நோய் இந்தியாவுக்கு வராது என்று பலர் உறுதியாகப் பேசிய காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேடிச் சென்று அவர் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அப்போது சோதனை வசதி இல்லாததால், ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டின. மீண்டும் ரத்தம் எடுத்துச் சோதித்து முடிவை உறுதிசெய்தார்கள். பெரிய ஆய்வகம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூருக்குப் போகும்வரை அந்த மாதிரிகள் இருந்தது நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில்.